வலப்பக்க அட்டை

அத்தியாயம் 17

மேகலாவைப் போன வாரம் ஒரு காலி அலமாரியின் எதிரில் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், கோபத்தில் உட்காரக்கூடத் தோன்றாமல் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு கிளை நூலகத்துக்கு மேகலா நூலகர். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பத்து நாள் விடுப்பில் அம்மா ஊரான கலவைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய மாமனார் காரியத்தை முடித்துவிட்டார். காசிநாதன் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அந்த நூலகத்தின் வாசகர் வட்டத் தலைவரும் அவர்தான். அலமாரியில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் உருதுப் புத்தகங்களை 'மூன்று ஆண்டுகளாக எவரும் எடுக்காதவை' என்று பட்டியல் போட்டார். மேகலாவுக்குப் பதிலாக வந்திருந்த பொறுப்பு நூலகர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். புத்தகங்கள் மூட்டையாகி வெளியே போய்விட்டன. அலமாரியின் தலையில் இப்போது 'போட்டித் தேர்வுப் பிரிவு' என்று புதுப் பலகை.

தினமும் போன் போட்டு, "அம்மாவுக்குக் கண்ணு தேவலையாம்மா?" என்று விசாரித்தவர், இதைப் பற்றி மருமகளிடம் மூச்சு விடவில்லை. அதுதான் மேகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி ஒன்பதரை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு அன்வரி பேகம் உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஷூவின் மேல்தோலை வீட்டில் உட்கார்ந்தபடி கையால் தைத்துக் கொடுக்கிற வேலை. கட்டைவிரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போயிருக்கும். வாரத்துக்கு ஒரு புத்தகம் எடுப்பார், வாரத்துக்கு ஒன்று திருப்புவார்.

"இன்னா மேடம், பெயின்ட் அடிக்கப் போறாங்களா? எங்க புக்கெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

மேகலா இல்லை என்று தலையாட்டினாள். "எடுத்துட்டாங்க அன்வரிம்மா. யாரும் படிக்கலன்னு பட்டியல் போட்டு..."

"யாரும் படிக்கலயா? அப்ப நான் யாரு?"

"நீங்க ஒருத்தர்தான..."

"ஒருத்தரா?" கையிலிருந்த பையை மேஜை மேல் வைத்தார் அன்வரி. வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. "எங்க தெருவுல அஞ்சு பொம்பளைங்க ஒண்ணா உக்காந்து தைக்கிறோம். நாலு பேரு தைப்போம், ஒருத்தி படிப்பா. படிக்கிறவ பங்கையும் மத்த நாலு பேரும் தெச்சிக் குடுத்துடுவோம். கார்டு ஒண்ணுதான். காது பத்து. அது உங்க ரிஜிஸ்டர்ல வராதா?"

மேகலா தடுமாறினாள். "சீட்டுல தேதியே இல்லையாம். ஒரு புக்குலயும் இல்லையாம். அதான் எடுத்திருக்காங்க."

"இன்னா சீட்டு?"

அன்வரி திருப்பித் தர எடுத்து வந்த புத்தகத்தை வாங்கி, மேகலா அட்டையைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது. புத்தகத்தை எப்போது திருப்பித் தர வேண்டும் என்று முத்திரை குத்துகிற சீட்டு. துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

அன்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "புக்கை ஏம்மா பின்பக்கமா திறக்கிற?"

பிடுங்காத குறையாக வாங்கி, புத்தகத்தைத் திருப்பி, வலப்பக்க அட்டையைத் திறந்தார். அங்கே இன்னொரு சீட்டு. நோட்டுத் தாளைக் கத்தரித்துச் சோற்றுப் பசையில் ஒட்டியது. மேலிருந்து கீழே வரை பென்சிலில் தேதிகள். இடம் போதாமல் பக்கவாட்டிலும் தேதிகள்.

"ஹயாத் பாஷா ஒட்டினது. இன்னா பாக்கிற? உருது புக்கு இங்கேர்ந்துதான் ஆரம்பம். மூணு வருஷமா இந்தப் பக்கம் நாங்க எழுதினு இருக்கோம், அந்தப் பக்கம் நீங்க பாத்துனு இருந்தீங்களா?"

மேகலா உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வெறும் சீட்டை ஒட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். அவளேதான். வேலைக்கு வந்த முதல் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கட்டுக் கட்டாகப் புதுச் சீட்டு வந்தது. தமிழ், ஆங்கிலம், உருது என்று பார்க்காமல், இடப்பக்க அட்டையைத் திற, பசை தடவு, ஒட்டு, மூடு என்று ஒரே நாளில் முடித்திருந்தாள். கூட்டிப் பெருக்க வரும் பகுதி நேரப் பணியாளர் ஹயாத் பாஷா பக்கத்தில் நின்று, "மேடம், இந்தப் புக்கு..." என்று இழுத்தார். "அப்புறம் பாய், அப்புறம்" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. மனுஷர் தானே சீட்டுக் கத்தரித்து ஒட்டி, உருதுப் புத்தகக் கொடுக்கல் வாங்கலைத் தானே பார்த்து, தேதியை அந்தப் பக்கமே எழுத வைத்து, இரண்டு மாதம் முன்பு ஓய்வு பெற்றும் போய்விட்டார்.

படிக்கத் தெரியாத எழுத்து என்று அந்த அலமாரிப் பக்கமே அவள் போனதில்லை. மாத அறிக்கையில் 'உருது' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்து அனுப்பியதும் அவள்தான். காலையிலிருந்து மாமனார் மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளே, அவர் கையில் கத்தியைத் தீட்டிக் கொடுத்தது இவள்தான்.

"யாரு பண்ணது?" என்றார் அன்வரி.

"வாசகர் வட்டத் தலைவர்." அதற்கு மேல் சொல்ல மேகலாவுக்கு வாய் வரவில்லை.

"எனக்கு ரெண்டு வேணும். புக்குங்க வேணும். யாரு பண்ணாங்க, ஏன் பண்ணாங்கன்னு எழுத்துல வேணும். அதுல பாதி எங்க வீட்டுக்காரரு வாக்கார் சாபு குடுத்தது, அவரு கண்ணை மூடி மவுத்தாகுறதுக்கு முன்னாடி. சாயந்தரம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் தெருவுல சொல்வேன். சொல்லிட்டா என்னால நிறுத்த முடியாது. நெனப்புல வெச்சிக்க."

மேகலா போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். தமிழ்வேந்தன் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

"மூட்டையை எங்க போட்டீங்க?"

"எந்த மூட்டை?"

"ஏங்க, நான் சிரிக்கிற நிலைமைல இல்ல."

"அப்பா சொன்னாரு, கம்பெனி டெம்போல ஏத்தி விட்டேன். நம்ம தோஸ்த்து யூனிட்ல சும்மா குடுத்தேன். பழைய பேப்பர் வேணும்னு கேட்டான்."

"எதுக்கு?"

"ஷூல திணிக்கத்தான். முனை அமுங்கிடாம இருக்க." அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "மேகலா... நான் யோசிக்கல."

"யோசிக்க வேணாம். அங்க வந்து நில்லுங்க."

பன்னிரண்டரைக்கு நூலகத்தைப் பூட்டினாள். மறுபடி நாலு மணிக்குத்தான் திறக்க வேண்டும். அன்வரியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் போகிற சாலையில் வண்டியை விட்டாள். புத்தகங்கள் ஷூவுக்குள் போகிற விஷயத்தைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது. பிறகு வண்டியை ஓரங்கட்டி, அந்த வெறும் சீட்டை ஒட்டியது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

அன்வரி வண்டியில் பின்னால் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் மேகலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

யூனிட் என்பது தகரம் போட்ட ஒரே கூடம். பசை நெடி மூக்கைத் துளைத்தது. நீள மேஜையில் இரண்டு பெண்கள் ஷூவைத் துடைத்து, உள்ளே தாளைக் கசக்கித் திணித்து, டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக மூட்டைகள். ஒன்று மட்டும் வாய் பிரிந்து கிடந்தது. தமிழ்வேந்தன் மீதியை எண்ணிக்கொண்டு நின்றான்.

மேஜையில் இருந்த ஒரு பெண் அன்வரியைக் கண்டதும் எழுந்துவிட்டாள். பெயர் சானியா. அன்வரியின் பக்கத்துத் தெருக்காரி; அவரைச் சித்தி முறையில் 'காலா' என்பாள்.

"காலா..."

அன்வரி ஒரு ஷூவை எடுத்து, உள்ளே கை விட்டு, தாளை வெளியே இழுத்தார். கதைப் புத்தகம் ஒன்றின் நடுப்பக்கம். அதைத் தொடையில் வைத்துத் தேய்த்துச் சமன் செய்தார்.

"உனக்குப் படிக்கத் தெரியும்ல சானியா?"

"தெரியும் காலா." அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "முதலாளி கிட்ட சொன்னேன். ஆர்டர் முடிக்கணும், இன்னிக்கு ஒரு நாளைக்குன்னாரு. அல்லா பேரு இருக்கிற மொத பக்கத்தை எல்லாத்துலயும் எடுத்துட்டேன் காலா. தனியா கவர்ல போட்டு அலமாரி மேல வெச்சிருக்கேன். சத்தியமா."

"மொத பக்கத்தை எடுத்துட்டா மீதியெல்லாம் காலுக்குப் போலாமா? உங்க அம்மாவுக்கு நான் படிச்சிக் காட்டின கதைடி இது."

தமிழ்வேந்தன் இடையில் புகுந்தான். "மேகலா, பதினோரு புக்குதான் பிரிச்சிருக்காங்க. மீதி அப்படியே இருக்குது. நானே ஏத்திக் கொண்டாந்துடறேன்."

அன்வரி அவன் பக்கம் திரும்பினார். பிறகு மேகலாவைப் பார்த்தார். "யாரு இவரு, உன் பேரு சொல்லிக் கூப்பிடறாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"அப்ப அந்தத் தலைவரு?"

"என் மாமனாரு."

"நல்லா இருக்குது." அன்வரியின் குரல் உயரவில்லை. "சீட்டு நீ ஒட்டியிருக்க, பட்டியல் மாமனாரு போட்டிருக்காரு, வண்டி புருஷன் ஓட்டியிருக்காரு. ஒரு வீட்டு ஆளுங்க சேந்து எங்க தெருவையே இல்லன்னு எழுதிட்டீங்க. எழுதிக் குடு எனக்கு. மூணு பேரு பேரும் வரணும்."

வீட்டுக்கு மேகலா வந்தபோது மணி இரண்டரை. காசிநாதன் சாப்பிட்டு முடித்து, செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து ஒரு ஷூவை எடுத்துச் செய்தித்தாளின் மேலேயே வைத்தாள்.

காசிநாதன் துள்ளிப் பின்வாங்கினார். "அறிவிருக்கா? எழுத்து மேல செருப்பைக் கொண்டாந்து வைக்கிற! நூலகர்தானே நீ?"

"உள்ள பாருங்க மாமா."

"என்ன இது?"

"நீங்க அனுப்பின புக்கு. செருப்புக்குள்ள இருக்குது. எழுத்து மேல செருப்பு வெச்சதுக்கே உங்களுக்கு இவ்ளோ கோவம் வருதே."

அவர் உள்ளிருந்து தாளை எடுத்தார். மேஜையில் வைத்து விரித்து, தலைகீழாக இருந்ததைத் திருப்பி நேராக வைத்து, உள்ளங்கையால் நீவினார். புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர் அவர். ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார்கள். அவரே மேடைக்கு மேடை சொல்வார்.

"பழைய தாள் கடைக்குப் போகும்னு நினைச்சேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"கடைக்குப் போனா மட்டும் சரியா? அஞ்சு பொம்பளைங்க வாரா வாரம் படிக்கிறாங்க."

"சீட்டு காலியா இருந்தது. நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? பையன்கள் பரீட்சைக்குப் படிக்க இடமில்லாம படிக்கட்டுல உட்கார்ந்திருக்கான்கள். எந்த அலமாரியில ஆள் இல்லையோ அதைக் காலி பண்ணினேன்."

"சீட்டு அந்தப் பக்கம் இருந்துச்சி மாமா. வலது பக்க அட்டைல. தேதி நெறைஞ்சி வழியுது."

"எனக்கென்ன உருதா தெரியும், அது எந்தப் பக்கம் திறக்கும்னு பார்க்க? சரி, இந்தப் பக்கம் சீட்டை ஒட்டினது யாரு? நானா?"

நெற்றிப் பொட்டில் அடித்தது போல் இருந்தது மேகலாவுக்கு. ஆனால் அடியை வாங்கிக்கொள்ள அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"நான்தான். அதை முதல் வரியா எழுதப் போறேன். ரெண்டாவது வரி உங்களுது. மூணாவது உங்க பிள்ளைது. எழுதி நூலகக் கதவுல ஒட்டப் போறேன். அதே காகிதத்தை மாவட்ட அலுவலருக்கும் அனுப்பப் போறேன்."

"மேகலா!" காசிநாதன் எழுந்து நின்றுவிட்டார். "முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரா இருந்தவன் நான். இந்த ஊர்ல என் பேருக்கு ஒரு மரியாதை இருக்கு. விதிப்படி கழிச்சோம், தவறுதலா போயிடுச்சுன்னு எழுது. பேர் எதுக்கு?"

"இல்லன்னு எழுதினீங்களே, அவங்களுக்கும் பேரு இருக்குது."

"அந்தக் காகிதம் கதவுல ஏறினா, இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

எட்டு வருடமாக அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்தால் மேகலா சமையலறைக்குள் போய்விடுவாள். இன்றைக்கும் போனாள். ஷெல்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அப்ப ராத்திரிக்கு ஒரு ஆளுக்குக் கம்மியா உலை வெக்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

நாலு மணிக்கு நூலகம் திறந்தபோது காகிதம் கதவில் ஏறிவிட்டது. நாலரைக்கு டெம்போ வந்தது. தமிழ்வேந்தன் மூட்டைகளை இறக்கி, அவனாகவே 'போட்டித் தேர்வுப் பிரிவு' பலகையைக் கழற்றப் போனான். "அதை விடுங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும், இது ஒரு பக்கம் இருக்கட்டும்" என்றாள் மேகலா. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு மாணவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு மூட்டைக்குக் கை கொடுத்தார்கள். இடம் பத்தாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு அன்வரி பேகம் வந்தார். கூடவே நாலு பெண்கள். தைக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"எழுதிட்டேன் அன்வரிம்மா." மேகலா கதவைக் காட்டினாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வீட்டில் அவ்வளவு பெரிய சண்டை போட்டு எழுதியது அல்லவா.

ஐந்து பேரும் கதவைப் பார்த்தார்கள். பிறகு மேகலாவைப் பார்த்தார்கள்.

"யாருக்கு எழுதின?" என்றார் அன்வரி.

"உங்களுக்குத்தான்."

"எங்கள்ல ஒருத்திக்கும் தமிழ் படிக்க வராது. பேசுவோம், பேரு எழுதுவோம், அவ்ளோதான். மூணு வருஷமா வர்றோம், இது கூடத் தெரியாதா உனக்கு?"

மேகலாவின் முகம் செத்துவிட்டது. காலையில் இடப்பக்க அட்டை. சாயந்தரம் இது. ஒரே நாளில் ஒரே தப்பை இரண்டு தரம் செய்த தன்னை அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"உருதுல எழுதணும்... எனக்கு... நீங்க எழுதினா நான் சொல்லச் சொல்ல..."

"இன்னாது?" அன்வரிக்கு இப்போதுதான் குரல் உயர்ந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "தப்பு நீங்க பண்ணுவீங்க. மன்னிப்புக் கடுதாசியையும் நானே எழுதிக்கணுமா?"

மேகலா கதவின் பக்கம் திரும்பினாள். "படிச்சாவது காட்டறேன் அன்வரிம்மா. நீங்க அவங்களுக்குப் படிச்சிக் காட்டுவீங்கள்ல, அந்த மாதிரி."

அன்வரி சரி என்று சொல்லவில்லை. போகவும் இல்லை.

மேகலா சத்தமாகப் படித்தாள். முதல் வரி, தன் பெயர், தான் ஒட்டிய சீட்டு, தான் இழுத்த கோடு. பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது வரிக்கு வந்தாள்.

"'உருதுப் புத்தகம் எந்தப் பக்கம் திறக்கும் என்பது தெரியாமல், வாசகர் வட்டத் தலைவர் புலவர் காசிநாதன்...'"

"நிறுத்து. இன்னா பேரு சொன்ன?"

"காசிநாதன்."

"உன் மாமனாரு வாணியம்பாடில இருந்தாரா? தமிழ் வாத்தியாரா? இடது புருவத்துல வெட்டு இருக்குமா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

அன்வரி காகிதத்தின் பக்கம் விரலை நீட்டினார். "உருது தெரியாதுன்னு அவரே சொன்னாரா?"

"இன்னிக்கு மத்தியானம் சொன்னாரு. என் எதிர்ல."

"நாங்க வாணியம்பாடில இருந்தப்ப, நாலு வருஷம்மா. சாயந்தரமானா எங்க வீட்டு முன்ரூம்புல வந்து உக்காருவாரு. எங்க வீட்டுக்காரரு கிட்ட எழுத்தெழுத்தா கத்துக்கிட்டாரு. நான்தான் டீ போட்டுக் குடுப்பேன். என் பெரிய பொண்ணு பொறந்தப்ப அவரு கையால நாலு வரி வாழ்த்து எழுதிக் கொண்டாந்தாரு, உருதுல. ஒரு தப்பு இல்லன்னு எங்க வீட்டுக்காரரு ஃப்ரேம் போட்டு மாட்டினாரு. இன்னும் எங்க சுவத்துலதான் இருக்குது. வந்து பாக்கிறியா?"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தமிழ்வேந்தன் அப்படியே நின்றுவிட்டான். அப்பாவுக்கு உருது தெரியும் என்பது அவனுக்கும் புதுச் செய்தி. அது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

அன்வரியின் கணவர் வாக்கார் அகமதுவின் பெயர் அந்தப் புத்தகங்களில் பாதியின் வலப்பக்க அட்டைக்குள் உருதில் எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அது தப்பாது. தெரிந்தே ஒரு மனிதர் தன் சிநேகிதனின் புத்தகங்களை மூட்டை கட்டியிருக்கிறார் என்றால், அந்த நட்பில் என்னவோ நடந்திருக்கிறது. அது மேகலாவுக்குத் தெரியாது. இப்போது அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் பொறுமையும் இல்லை.

அவள் பேனாவைத் திறந்தாள். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தின் இரண்டாவது வரியில், 'தெரியாமல்' என்ற சொல்லை அழுத்தி அடித்தாள்.